ஆறு வருமுன் செய்தி வர வேண்டும்

2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரிக்கு அருகே கரையைக் கடந்தது. கரையைக் கடந்ததும் உள்ளே ஓடி வலுவிழப்பதுதான் வழக்கம். இந்தப் புயலோ பல மணி நேரம் அங்கேயே நின்றுவிட்டது. திண்டிவனத்தை அடுத்த மயிலத்தில் 24 மணி நேரத்தில் சுமார் 50 செ.மீ. மழை கொட்டியது. பிறகு மழை மேற்கே நகர்ந்து கிருஷ்ணகிரி மாவட்டத்து ஊத்தங்கரையை நனைத்தெடுத்தது. அந்தத் தண்ணீர் கடைசியில் தென்பெண்ணை ஆற்றில்தான் வந்து விழ வேண்டும். டிசம்பர் 2 அதிகாலையில் அந்த ஆற்றின் சாத்தனூர் அணையிலிருந்து விநாடிக்கு ஒன்றரை லட்சம் கன அடிக்கும் மேல் தண்ணீர் திறக்கப்பட்டது. விழுப்புரம் மாவட்டத்தில் அரசூர், இருவேல்பட்டுப் பக்கம் சென்னை–திருச்சி நெடுஞ்சாலை மூழ்கியது. விக்கிரவாண்டிக்கும் முண்டியம்பாக்கத்துக்கும் இடையே ரயில் பாலத்தில் தண்ணீர் அபாய அளவைத் தாண்டியதால் ரயில்கள் நின்றன.

அணையில் திறந்த தண்ணீர் திருக்கோவிலூர் தாண்டி விழுப்புரம் எல்லைக்கு வந்து சேரச் சில மணி நேரம் பிடிக்கும். ஆற்றங்கரையில் குடியிருப்பவருக்குக் கிடைக்கிற அவகாசம் அவ்வளவுதான். ஆடுமாடுகளை அவிழ்த்துவிட, பத்திரங்களையும் ரேஷன் கார்டையும் எடுத்துக்கொள்ள, வயதானவர்களைக் கைத்தாங்கலாக மேட்டுக்குக் கொண்டுபோக, எல்லாவற்றுக்கும் அந்த நேரம்தான். முன்னறிவிப்பு போதுமானதாக இருந்ததா என்ற வாதம் பின்னர் சட்டமன்றம் வரை போனது. சொல்லாமல் திறந்தீர்கள் என்றது எதிர்க்கட்சி; பலமுறை எச்சரித்தோம் என்றது அரசு. அந்த வாதத்துக்கு அடியில் ஓர் அறிவியல் கேள்வி இருக்கிறது. எங்கோ ஒரு கணினியில் பதிவான எச்சரிக்கை, ஆற்றங்கரை ஊரான பிடாகத்தில் தூங்கிக்கொண்டிருப்பவரின் தலைமாட்டில் கிடக்கும் போனுக்கு எந்த வழியாகப் போய்ச் சேர்கிறது?

முன்பெல்லாம் ஊரில் தண்டோரா போட்டார்கள். ஒரு சமூகத்தின் தலையில் கட்டப்பட்டிருந்த அந்த வேலையை நிறுத்த வேண்டும், ஒலிபெருக்கி கட்டிய வாகனங்களைப் பயன்படுத்துங்கள் என்று 2022 ஆகஸ்டில் அன்றைய தலைமைச் செயலாளர் இறையன்பு ஆட்சியர்களுக்கு எழுதினார். அது சரியான முடிவு. தண்டோராவாக இருந்தாலும் ஒலிபெருக்கியாக இருந்தாலும் செய்தி மனிதரைத் தேடிப் போனது. இணையதளம் அடிப்படையிலேயே அதற்கு நேர் எதிரானது. யாராவது வந்து கேட்டால்தான் அது பேசும்.

போனில் ஒரு தளத்தைத் திறக்கிறோம். பிரவுசர் சர்வரிடம் பக்கத்தைக் கேட்கிறது, சர்வர் தருகிறது, உறவு அத்தோடு முடிந்தது. சர்வரால் பின்னொரு நாள் நம்மைத் தானாகக் கூப்பிட முடியாது. போன் நெட்வொர்க் மாறும்போதும் வைஃபைக்குப் போகும்போதும் அதன் முகவரி மாறிக்கொண்டே இருக்கும். அப்படியானால் போனே நிமிடத்துக்கு ஒருமுறை ‘அணை திறந்தாச்சா?’ என்று கேட்டுக்கொண்டிருக்கலாமே என்று தோன்றும். பத்தாயிரம் போன்கள் அப்படிக் கேட்டால் ஒரு நாளைக்கு 1 கோடியே 44 லட்சம் கேள்விகள் வரும். சிறிய சர்வர் படுத்துவிடும். அதற்கு முன்பே போன்களின் பேட்டரி தீர்ந்துவிடும்.

இதற்கான விடையைப் போன் தயாரிப்பாளர்கள்தான் முதலில் கண்டார்கள். ஆப்பிள் 2009-லும் கூகுள் அதற்கு அடுத்த ஆண்டும் தத்தம் போன்களுக்கென ஒரு செய்தி அஞ்சல் சேவையைத் தொடங்கின. போன் அந்தச் சேவையின் சர்வரோடு ஒரே ஓர் இணைப்பைத் திறந்து அப்படியே வைத்திருக்கும். அவ்வப்போது ‘இருக்கிறேன்’ என்று ஒரு சிறு துடிப்பு அனுப்புவதைத் தவிர அதில் பெரிதாக எதுவும் ஓடாது, ரேடியோ தூங்கிக்கொண்டிருக்கும். வாட்ஸ்ஆப், வங்கி, விளையாட்டு எல்லாம் தங்கள் செய்தியை அந்தச் சேவையிடம் கொடுத்தால், அது அந்த ஒரே இணைப்பின் வழியாகப் போனைத் தட்டி எழுப்பும்.

ஆப்களுக்குக் கிடைத்த இந்த வசதி சாதாரண இணையதளங்களுக்கும் கிடைக்கச் சில ஆண்டுகள் ஆயின. 2015 ஏப்ரலில் குரோம் 42, 2016 ஜனவரியில் ஃபயர்பாக்ஸ் 44. அந்த ஆண்டு டிசம்பரில் ஆர்எஃப்சி 8030 என்ற பொது நெறிமுறை வெளியானது. அதன்பின் எந்தப் பிரவுசராக இருந்தாலும் ஒரே மாதிரி செய்தி அனுப்ப வழி பிறந்தது. இதைத்தான் பிரவுசர் புஷ் நோட்டிஃபிகேஷன் என்கிறோம். ப்ளே ஸ்டோருக்குப் போக வேண்டாம், ஆப் இறக்க வேண்டாம், போன் நம்பர்கூடத் தர வேண்டாம். திண்டிவனத்தில் ஒரு உள்ளூர்ச் செய்தித்தளமோ, ஏரிப் பாசன விவசாயிகள் சங்கமோ, ஒரு நகராட்சியோ தன் சொந்தத் தளத்திலிருந்தே இதைச் செய்யலாம். இந்த எளிமைதான் எனக்கு இதில் முக்கியமாகப் படுகிறது.

அமைக்கும் விதத்தைப் பார்ப்போம். தளம் எச்டிடிபிஎஸ்ஸில், அதாவது https என்று தொடங்கும் பாதுகாப்பான முகவரியில் இருக்க வேண்டும். இது கட்டாயம். நடுவில் புகுந்து எவரும் நிரலை மாற்றிவிட முடியும் என்றால், ஊரையே பொய்யாக எழுப்பிவிட முடியும் அல்லவா? அடுத்து, சர்வீஸ் வொர்க்கர் என்ற சிறிய ஜாவாஸ்கிரிப்ட் கோப்பு ஒன்றைத் தளத்தில் வைக்கிறோம். சாதாரணமாகப் பக்கத்தை மூடினால் அதன் நிரலும் செத்துப்போகும். சர்வீஸ் வொர்க்கர் அப்படியல்ல. பிரவுசர் அதைத் தன்னிடம் பதிந்து வைத்துக்கொள்ளும்; செய்தி வரும்போது எழுப்பும்; வேலை முடிந்ததும் மறுபடி தூங்கவைக்கும். பக்கம் திறந்திருக்க வேண்டிய அவசியமே இல்லை.

பிறகு அனுமதி. பிரவுசர் பயனரிடம் கேட்கும்: இந்தத் தளம் உங்களுக்கு அறிவிப்பு அனுப்பலாமா? சரி என்றால், பிரவுசர் தன் புஷ் சேவையிடம் போய் ஒரு முகவரியை வாங்கி வரும். குரோமுக்குக் கூகுள் சர்வர், ஃபயர்பாக்ஸுக்கு மோசில்லா சர்வர், சஃபாரிக்கு ஆப்பிள் சர்வர். அந்த முகவரி நீளமான, யாராலும் ஊகிக்க முடியாத ஒரு இணைய முகவரி. அதில் பெயரும் இல்லை, எண்ணும் இல்லை. கூடவே பிரவுசர் இரண்டு சாவிகளையும் உருவாக்கித் தரும். முகவரி, இரண்டு சாவிகள் ஆகிய மூன்றையும் தளத்தின் சர்வர் தன் தரவுத்தளத்தில் பத்திரப்படுத்துகிறது. சந்தா என்பது இவ்வளவுதான்.

அந்தச் சாவிகள் எதற்கு? செய்தி கூகுளின் சர்வர் வழியாகத்தான் போகிறது. ஆனால் அதில் என்ன எழுதியிருக்கிறது என்பது கூகுளுக்குத் தெரியக் கூடாது. அதற்காக 2017 நவம்பரில் வந்த ஆர்எஃப்சி 8291 ஒரு முறையை வகுத்தது. ஒருவர் தன் பூட்டுகளைத் திறந்த நிலையில் ஊருக்கெல்லாம் கொடுத்துவிட்டுச் சாவியைத் தன்னிடமே வைத்துக்கொள்வதுபோல, பிரவுசர் தன் பொதுச் சாவியைத் தளத்திடம் தருகிறது. ரகசியச் சாவி போனை விட்டு வெளியே வருவதில்லை. அனுப்புகிற சர்வர் தன் பங்குக்கு ஒரு சாவி இணையை உருவாக்கி, நீள்வட்ட வளைவுக் கணிதத்தின் உதவியால் இருவருக்கும் மட்டுமே தெரிந்த ஒரு ரகசிய எண்ணை எட்டுகிறது. அந்த எண்ணைக் கொண்டு செய்தி மறையாக்கம் செய்யப்படுகிறது. இடையில் இருப்பவருக்குத் தெரிவது, இந்த நேரத்தில் இந்தப் போனுக்கு இவ்வளவு பெரிய பொட்டலம் போனது என்பது மட்டுமே. செய்தியைப் பிரிப்பது போனுக்குள் இருக்கும் பிரவுசர்தான்.

இன்னொரு சாவி இணையும் உண்டு. அது தளத்துக்கே உரியது. வாபிட் என்று பெயர். ஒவ்வொரு முறை அனுப்பும்போதும் சர்வர் தன் ரகசியச் சாவியால் ஒரு சீட்டில் கையெழுத்திட்டுக் கொடுக்கிறது. அந்தச் சீட்டு 24 மணி நேரத்துக்கு மேல் செல்லாது. சந்தா எந்தச் சாவியோடு பதிவானதோ அதே சாவியின் கையெழுத்து இல்லையென்றால் புஷ் சேவை செய்தியை ஏற்காது. ஆகவே சந்தா முகவரிகள் திருடுபோனாலும், திருடியவரால் ‘அணை உடைந்தது’ என்று பொய்ச் செய்தி அனுப்ப முடியாது. ரகசியச் சாவியும் சேர்ந்து போனால்தான் ஆபத்து. அந்தச் சாவியை நிரலோடு சேர்த்துப் பொதுவெளியில் போட்டுவிடுகிற வழக்கம் புதியவர்களிடம் உண்டு. வெள்ள எச்சரிக்கைக்காகத் தளம் நடத்துபவர் கனவிலும் அதைச் செய்யக் கூடாது.

பொட்டலத்தோடு மூன்று குறிப்புகளை இணைக்கலாம். இந்த நெறிமுறையை வகுத்தவர்களின் அனுபவம் தெரிவது இங்கேதான். முதலாவது டிடிஎல், அதாவது செய்தியின் ஆயுள். போன் அணைந்திருந்தால் புஷ் சேவை எத்தனை விநாடிகள் செய்தியை வைத்திருக்க வேண்டும் என்பதை அனுப்புகிறவரே சொல்ல வேண்டும். இரண்டாவது அவசரம்: மிகக் குறைவு, குறைவு, சாதாரணம், அதிகம் என நான்கு படிகள். பேட்டரி குறைந்த போன் அவசரமற்றதைத் தள்ளிப்போட இது உதவும். மூன்றாவது தலைப்பு: ஒரே தலைப்பில் புதிய செய்தி வந்தால், இன்னும் போய்ச் சேராத பழைய செய்தியைச் சேவை அழித்துவிட்டுப் புதியதை வைத்துக்கொள்ளும்.

திண்டிவனம் மார்க்கெட் கமிட்டியில் மணிலா (நிலக்கடலை) என்ன விலை போனது என்று தினமும் விவசாயிகளுக்கு ஒரு தளம் சொல்கிறது என்று வைத்துக்கொள்வோம். இதற்கு அவசரம் ‘குறைவு’ போதும். ஆயுள் ஒரு நாள். தலைப்பு, ஆங்கில எழுத்தில் ‘manila’. மூன்று நாள் போனை அணைத்து வைத்திருந்தவர் திறக்கும்போது மூன்று விலைகள் வரிசையாக வந்து குழப்பாது. இன்றைய விலை மட்டும் வரும். இப்போது அதே தளம் வீடூர் அணையைப் பற்றிச் சொல்ல வேண்டும். அணையின் முழு மட்டம் 32 அடி. அது நிறைந்து ஷட்டர்களைத் திறந்தால் சங்கராபரணி ஆற்றின் கரையோரம் முழுவதும் உஷாராக வேண்டும். இதற்கு அவசரம் ‘அதிகம்’. ஆயுள்? இங்கே கொஞ்சம் யோசிக்க வேண்டும். பூஜ்யம் என்று போட்டால், அந்த நொடியில் இணைப்பில் இல்லாத போனுக்குச் செய்தி போகவே போகாது. பல தளங்கள் போல நான்கு வாரம் என்று போட்டால், டவர் திரும்பி உயிர்பெறும்போது, வெள்ளம் வடிந்து வீட்டைக் கழுவிக்கொண்டிருப்பவருக்கு ‘உடனே வெளியேறுங்கள்’ என்று வரும். பயந்து ஓடுவார், அடுத்த முறை நம்ப மாட்டார். தண்ணீர் ஓடிவர எத்தனை மணி நேரமோ, அதையொட்டித்தான் ஆயுளை வைக்க வேண்டும். நிலைமை மாறினால் அதே தலைப்பில் அடுத்த செய்தியை அனுப்பிப் பழையதை நீக்க வேண்டும். இந்த எண்ணை நிரலாளர் தனியாக உட்கார்ந்து முடிவு செய்யக் கூடாது. ஆற்றை அறிந்த நீர்வளத்துறை லஸ்கரும் கரையோர விவசாயியும் உடனிருந்து சொல்ல வேண்டும்.

தமிழுக்கு மட்டும் உரிய ஒரு கணக்கும் உண்டு. புஷ் சேவைகள் 4096 பைட் வரையிலான பொட்டலத்தை ஏற்றாக வேண்டும் என்பது விதி. மறையாக்கத்துக்குப் போக மிஞ்சுவது 3993 பைட். யுடிஎஃப்-8 முறையில் ஆங்கில எழுத்துக்கு ஒரு பைட். தமிழ்க் குறியீடு ஒவ்வொன்றுக்கும் மூன்று பைட். கொம்பும் புள்ளியும் தனித்தனிக் குறியீடுகள். ‘தென்பெண்ணை’ நம் கண்ணுக்கு ஐந்தெழுத்து; கணினிக்குப் பத்துக் குறியீடு, 30 பைட். ஆக மொத்தம் சுமார் 1,300 தமிழ்க் குறியீடுகள் கொள்ளும். எச்சரிக்கைக்கு இது தாராளம். ஒப்பிட்டால் எஸ்எம்எஸ்ஸில் ஒரு செய்திக்குத் தமிழில் 70 குறியீடுகள்தான். ஆற்றின் பெயரை எழுதினாலே பத்து போய்விடும். புஷ்ஷில் ஊர்ப் பெயர்களை நிறுத்தி நிதானமாகச் சொல்லலாம்.

சொல்லவும் வேண்டும். ‘விநாடிக்கு 1.5 லட்சம் கன அடி’ என்பது பொறியாளருக்குப் பொருள் தரும். தை மாதம் ஆற்றுத் திருவிழாவுக்குப் பிடாகம் மணலில் நடந்தவருக்கு, ‘தண்ணீர் பிடாகம் கரையை விடியற்காலைக்குள் தொடும், மேடான இடத்துக்குப் போங்கள்’ என்றால்தான் கால் நகரும். போனின் பூட்டுத்திரையில் முதல் இரண்டு வரிகள்தான் தெரியும். எங்கே, எப்போது, என்ன செய்ய வேண்டும் ஆகிய மூன்றும் அதற்குள் வந்துவிட வேண்டும். எண்கள் பின்னால் வரட்டும்.

செய்தியைத் தொட்டால் திறக்கும் பக்கத்தையும் முன்பே யோசித்து வைக்க வேண்டும். புயல் இரவில் நெட்வொர்க் நூலிழையில் ஓடும். படங்களும் விளம்பரங்களும் நிறைந்த பக்கம் திறக்கவே திறக்காது. சர்வீஸ் வொர்க்கருக்கு இன்னொரு திறமை உண்டு. பக்கங்களைப் போனிலேயே சேமித்துவைத்து, இணையம் இல்லாதபோதும் காட்டும். நிவாரண முகாம்களின் பட்டியல், மாநிலக் கட்டுப்பாட்டு அறையின் 1070, மாவட்டத்தின் 1077 ஆகியவற்றைச் சந்தா சேரும் நாளிலேயே போனுக்குள் இறக்கிவிடலாம். டவர் விழுந்த பிறகும் அந்தப் பக்கம் திறக்கும்.

அனுமதிக்குத் திரும்புவோம், பெரும்பாலான தளங்கள் தோற்பது அங்கேதான். தளத்துக்குள் காலை வைத்தவுடன் ‘அறிவிப்பு அனுப்பலாமா?’ என்ற பெட்டி முகத்தில் வந்து மோதுவதை எல்லோரும் பார்த்திருக்கிறோம். 2019-ல் மோசில்லா ஆராய்ந்தபோது, இப்படிக் கேட்கப்பட்டவற்றில் சுமார் 99 சதவீதம் ஏற்கப்படவே இல்லை என்று தெரிந்தது. 2020 ஜனவரியில் வந்த ஃபயர்பாக்ஸ் 72, பயனர் எதையாவது தொடாமல் அந்தப் பெட்டியைக் காட்டவே விடவில்லை. அடுத்த மாதமே குரோமும் பெட்டியைச் சத்தமில்லாமல் ஓரமாக ஒதுக்கும் முறையைக் கொண்டுவந்தது. ஒருமுறை ‘வேண்டாம்’ என்று சொல்லிவிட்டால் தளத்தால் மறுபடி கேட்க முடியாது. அமைப்புக்குள் போய் அவரே மாற்றினால்தான் உண்டு, பெரும்பாலோர் மாற்றுவதில்லை.

ஆகவே முதலில் பேச வேண்டும். ‘தென்பெண்ணை, சங்கராபரணி வெள்ள எச்சரிக்கை மட்டும். வேறு எதுவும் வராது’ என்று பக்கத்தில் எழுதி, கீழே ஒரு பொத்தான் வைக்க வேண்டும். அதைத் தொட்டவருக்கு மட்டுமே பிரவுசரின் கேள்வி வர வேண்டும். எழுதிய வாக்கைக் காப்பாற்றவும் வேண்டும். வெள்ளத்துக்காக வாங்கிய அனுமதியில் தீபாவளித் தள்ளுபடியை அனுப்புவது அயோக்கியத்தனம். எரிச்சலில் நூறு பேர் அணைத்துவிட்டால், நிஜமான இரவில் அந்த நூறு வீடுகளுக்கும் ஓசை போகாது. விலைச்செய்தி வேண்டுபவருக்குத் தனிப் பொத்தான், எச்சரிக்கை வேண்டுபவருக்குத் தனிப் பொத்தான் என்று பிரித்துவிடுவது ஒன்றும் கஷ்டமான வேலை அல்ல.

இந்தத் தொழில்நுட்பத்தால் முடியாதவற்றையும் தெரிந்துகொள்ள வேண்டும். ஐபோனில் இது 2023 மார்ச்சில் வந்த ஐஓஎஸ் 16.4 முதல்தான் வேலை செய்கிறது. அதுவும் தளத்தை முகப்புத்திரையில் சேர்த்துவைத்தவருக்கு மட்டும். கணினியில் பெரும்பாலும் பிரவுசர் ஓடிக்கொண்டிருந்தால்தான் செய்தி வரும். பேட்டரியைச் சேமிக்கிறேன் என்று பிரவுசரை அடக்கிவைக்கிற ஆண்ட்ராய்டு போன்களில் தாமதமாகலாம். புஷ் சேவை 201 என்று பதில் சொன்னால், பொட்டலத்தை வாங்கிக்கொண்டேன் என்றுதான் பொருள். மனிதர் பார்த்தார் என்று பொருள் அல்ல. டேட்டா இணைப்பு இல்லாதவருக்குச் செய்தி வரவே வராது.

அதனால் உயிர் காக்கும் முதல் எச்சரிக்கைக்கு அரசு இதை நம்பியிருக்க முடியாது. அதற்குரியது செல் பிராட்காஸ்ட். 2023-ல் நாட்டின் பல பகுதிகளில் போன்கள் திடீரென அலறினவே, அந்தச் சோதனை நினைவிருக்கும். டவர் தன் எல்லைக்குள் இருக்கும் எல்லாப் போன்களுக்கும் ஒரே நேரத்தில் பேசும். சந்தா வேண்டாம், டேட்டா வேண்டாம். தேசியப் பேரிடர் மேலாண்மை ஆணையத்தின் சசேத் தளமும், 2024-ல் வந்த தமிழக அரசின் டிஎன்-அலெர்ட் செயலியும் அதற்குத் துணையாக இருக்கின்றன. ஆனால் செல் பிராட்காஸ்ட் ஒரு பெரிய பரப்பைப் பார்த்துப் பேசுகிறது. நம் ஊர் ஏரியின் கலங்கல் வழிகிறது, இந்தத் தரைப்பாலத்தில் போகாதீர்கள், பள்ளிக்கூடத்தில் சமையல் ஆரம்பித்துவிட்டது என்பது போன்ற சின்னச் சின்னச் செய்திகளை அது சொல்லாது. ஆட்சியர் அலுவலகத்திலிருந்து அவ்வளவு நுணுக்கமாகச் சொல்லவும் முடியாது. அந்த இடைவெளியை நிரப்ப, ஊரை அறிந்த ஒருவர் நடத்தும் தளத்தால் முடியும்.

நடத்துபவருக்கு மழைக்காலம் தாண்டியும் வேலை உண்டு. போனை மாற்றியவர்கள், பிரவுசரை அழித்தவர்கள், அனுமதியை விலக்கியவர்கள் ஆகியோரின் சந்தா முகவரிகள் செத்துப்போகும். அவற்றுக்கு அனுப்பினால் 404 அல்லது 410 என்று பதில் வரும். வந்த உடனே அந்த வரியைத் தரவுத்தளத்திலிருந்து நீக்க வேண்டும். இல்லையென்றால் அவசர நேரத்தில் பாதி உழைப்பு இல்லாத போன்களுக்கே போகும். வடகிழக்குப் பருவமழை அக்டோபரில் தொடங்கும். செப்டம்பரிலேயே ஒரு நாள், ‘இது சோதனை’ என்று தெளிவாக எழுதிய ஒரு செய்தியை எல்லோருக்கும் அனுப்பிப் பார்க்க வேண்டும். வராதவர்கள் யார் என்று சங்கக் கூட்டத்தில் நேரில் கேட்டு, அவர்களின் போனை வாங்கி, பேட்டரி அமைப்பில் பிரவுசருக்கு விலக்கு கொடுத்துத் திருப்பித் தர வேண்டும்.